பனியும் முகமும்: ஏலமலைச் சாரலில் உருவப்பட ஒளிப்படக் கலை

முன்னுரை

வெண்பனி படர்ந்த வெளியில் ஒருவரை நிறுத்தி அவருடைய முகத்தைப் படமாக்குதல் குளிர்நாட்டு ஒளிப்படக் கலைஞர்கள் விரும்பிப் பயிலும் துறைகளுள் ஒன்று. காசுமீரத்துக் குல்மார்க்குக்கும் இமாசலத்து மணாலிக்கும் செல்லும் நம் மக்களும் பனியில் நின்று படமெடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. போடிநாயக்கனூரில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் மார்கழி விடியலில் போடிமெட்டுச் சாலையில் ஏறிச் செல்வோர், சில அடிகளுக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாத வெண்மைக்குள் புகுந்து வெளிவருவதுண்டு. அந்த வெண்மையும் பனியே. குளிர்நாட்டார் தம் பனியில் முகத்தைப் படமெடுக்கக் கண்ட முறைகள் நம் பனிக்குப் பொருந்துமா, அம்முறைகளில் நம் முகங்களுக்கு உரிய இடம் உண்டா என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று பல பெயர்கள் வழங்கினும், ஒளியால் வரையப்படுவது என்னும் மூலப்பொருளுக்கு நெருங்கி நிற்பதால் ஒளிப்படம் என்னும் சொல்லையே நாம் இங்கு ஆள்கிறோம்.

பனி என்னும் சொல்

பனி என்னும் ஒரு சொல்லுக்குள் நம் முன்னோர் பல பொருள்களை வைத்தனர். புல்நுனித் துளி பனி. மலையை மூடும் ஆவி பனி. இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. குளிரால் நடுங்குதலைப் பனித்தல் என்றனர். கண்ணில் திரளும் நீரையும் பனி என்றே பழம்பாடல்கள் குறிக்கும். புறத்தே நிகழும் குளிரும் அதனால் உடலில் நிகழும் மெய்ப்பாடும் ஒரே சொல்லில் அடங்கியமை கருதத்தக்கது.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், மார்கழி, தை ஆகிய இரண்டையும் முன்பனி எனவும், மாசி, பங்குனி ஆகிய இரண்டையும் பின்பனி எனவும் வழங்கினர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் உரியதாக்கியது தொல்காப்பியம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் குளிரை எவ்வாறு காட்டுகிறார் என்று நோக்குதல் வேண்டும். கையில் கொள்ளியை ஏந்தியும் கன்னம் நடுங்க நிற்கும் கோவலரையும், கூனிக் குறுகும் மந்தியையும், மரக்கிளையிலிருந்து வீழும் பறவையையும், கன்றை உதைத்து விலக்கும் பசுவையும் காட்டி, மலையே குளிர்வது போன்ற கூதிர் என்று அவர் முடிக்கிறார். குளிரைக் காட்ட அவர் தேர்ந்தவை உயிர்களின் உடலும் முகமுமே. பனியில் உருவப்படம் எடுப்போர்க்கு இதனினும் சிறந்த முதற்பாடம் வேண்டுவதில்லை.

ஏலமலையின் பனி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். நகருக்கும் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பது வானிலையாளர் கணக்கு. எனவே நகரில் மெல்லிய போர்வை போதும் என்னும் நாளில் மேட்டில் கம்பளி தேவைப்படுகிறது.

மேலே செல்லச் செல்ல ஏலத்தோட்டங்களும், அவற்றிற்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களும் தொடர்கின்றன. தேனி மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கிய கொழுக்குமலையில் விடியற்காலத்தில் நிற்போர்க்கு மேகங்கள் காலுக்குக் கீழே கடல்போல் விரிவதைக் காணும் வாய்ப்புக் கிட்டும். மூணாற்றைச் சூழ்ந்த உயர்ந்த தோட்டங்களில் சில சனவரி விடியல்களில் வெப்பம் உறைநிலையைத் தொட, புல்வெளி வெளுத்து விடுகிறது. இவ்வுறைபனி, மேகமற்ற தெளிந்த இரவுகளிலேயே உண்டாகிறது. கதிரவனின் ஒளி பட்டதும் சிறிது நேரத்தில் கரைந்து போகிறது. வெண்பனி நாள்கணக்கில் கிடக்கும். உறைபனி நாழிகைக் கணக்கில் மறையும். மூடுபனியோ நொடிக்கு நொடி அடர்வும் மென்மையும் மாறும். இம்மூன்றின் இயல்பையும் அறிந்தவரே காலமறிந்து படமெடுக்க வல்லவர்.

மூடுபனி ஏன் வெண்மையாகத் தோன்றுகிறது? அது கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒளியின் எல்லா நிறங்களையும் அத்துளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. ஆதலின் ஒளி ஒரு திசையிலிருந்து வாராமல் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. நிழல் மெலிகிறது, தொலைவிலுள்ள மரம் வெளிறுகிறது, அருகிலுள்ள முகம் மட்டும் தனித்து நிற்கிறது.

கண் செய்யும் தீர்ப்பு

ஒளிப்படக் கருவியின் வரலாற்றைச் சொல்வோர் பாசுரா நகரில் ஏறத்தாழ 965-இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதமை விடுத்துச் சொல்லுதல் இயலாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே காட்சி என்று அவர் நிறுவினார். சிறு துளையிட்ட இருட்டறையில் விளக்குகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். அவர் அரபியில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது.

அந்நூலில் நம் பொருளுக்கு நேரே உதவும் ஒரு செய்தி உண்டு. ஒரே வண்ணத் துளி வெண்ணிறப் பரப்பின்மேல் கரியதாகவும், கருநிறப் பரப்பின்மேல் வெளிறியதாகவும் தோன்றும் என்று அவர் கண்டறிந்தார். காட்சி என்பது ஒளியை ஏற்பது மட்டுமன்று, சூழலோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் செய்வதும் ஆகும் என்பது அவர் கருத்து. பனியின் நடுவே நிற்கும் மாநிற முகம் உள்ளதினும் கரியதாகத் தோன்றுவது இதனால்தான். மனிதக் கண் சிறிது நேரத்தில் இம்மயக்கத்தைத் தெளிந்துகொள்ளும். கருவி தெளிந்துகொள்வதில்லை.

கருவியின் மயக்கம்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் எதிரிலுள்ளது பனியா முகமா என்று இயல்பாக அறியாது. எதிரே உள்ள காட்சி முழுவதையும் கலந்து பார்த்தால் அது ஒருவகை நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எண்ணியே அது அளக்கிறது. அச்சாம்பல் நிறம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்பது நெடுங்கால வழக்கு. புதிதாக விழுந்த வெண்பனியோ 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. 18-ஐ இரட்டித்தால் 36. மீண்டும் இரட்டித்தால் 72. ஒவ்வோர் இரட்டிப்பையும் ஒளிப்படக் கலைஞர் ஒரு 'ஸ்டாப்' என்பர். வெண்பனி, கருவி எதிர்பார்க்கும் நிறத்தைவிட இரண்டு ஸ்டாப்புக்கும் மேலே நிற்கிறது. அதைக் காணும் கருவி, ஒளி மிகுந்துவிட்டது என மயங்கித் தன் வாயிலைச் சுருக்குகிறது. வெள்ளைப் பனி சாம்பலாகிறது. அதன் நடுவே நின்ற முகம் கருமையில் மூழ்குகிறது.

இதனாலேயே பனியில் படமெடுப்போர் கருவி காட்டும் அளவுக்கு மேல் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைக் கூட்டுதல் வேண்டும் என்பது விதியாயிற்று. ஏலமலையின் மூடுபனிக்கும் இவ்விதி பொருந்தும். வெண்பனியைப் போல் அது அத்துணை வெண்மையன்று ஆதலின் பெரும்பாலும் ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தான் இதற்கே உரியது. செல்பேசியாயின், திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, அருகே தோன்றும் கதிரவன் குறியை மேலே நகர்த்துதல் பெரும்பாலானவற்றில் இயலும்.

இன்னும் நுட்பமான வழி, பனியை விடுத்து முகத்தை மட்டும் அளத்தல். அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில், வெள்ளையர் முகம் ஆறாம் மண்டலத்திலும், கரிய முகம் நடுவான ஐந்தாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. மாநிற முகத்தை அளந்தால், கருவி காட்டும் அளவையே பெரும்பாலும் கொள்ளலாம். மிகக் கரிய முகமாயின் அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்தல் தகும். இல்லையேல் முகம் தன் இயல்பு நிறத்தை இழந்து வெளுத்துவிடும். கரியது கரியதாகவே இருத்தல் வேண்டும். அக்கருமைக்குள் கன்னத்தின் திரட்சியும் நெற்றிக் கோடும் தெளிவாகத் தெரிதலும் வேண்டும்.

பிலிமும் நம் முகமும்

மேற்கூறிய மயக்கம் இயற்கையால் நேர்வது. மனிதரால் நேர்ந்த மற்றொரு மயக்கமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒப்புநோக்கு அட்டைகளை அனுப்பி வந்தது. அவற்றில் இருந்தவர் வெள்ளைநிறப் பெண். முதலில் தோன்றியவரின் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' எனப்பட்டது. அப்பெண்ணின் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி எனக் கொள்ளப்பட்டது. ஏனைய நிறத்தார் முகம் எவ்வாறு வருகிறது என்பது அவ்வளவுகோலில் இடம்பெறவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வரலாற்றை விரித்துரைத்தார். மர அறைகலன், சாக்லேட் ஆகியவற்றின் பழுப்பு நிறங்கள் படத்தில் வேறுபாடின்றி வருகின்றன என்று வணிகர்கள் முறையிட்டமையும், பிலிமின் தன்மை திருத்தப்படக் காரணமாயிற்று என்பது அதில் காணப்படும் செய்தி. பல நிறத்தாரும் இடம்பெற்ற அட்டைகள் 1990-களில் வந்தன.

நம் நாட்டிலும் பிலிம் செய்யப்பட்டது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம்களை வழங்கியது. அவ்வாலை இன்று இயங்கவில்லை. உள்நாட்டுப் பிலிமாயினும் வெளிநாட்டுப் பிலிமாயினும், நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கித் தரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பெண் பார்க்கும் படலத்துக்கு அனுப்பும் படமாயின் தீட்டல் இன்னும் மிகும். இன்று அப்பணியைச் செல்பேசிகளின் அழகூட்டும் வசதி கேளாமலே செய்துவிடுகிறது. கரிய நிறங்களைச் செம்மையாகப் பதிவு செய்யும் முயற்சியைக் கூகுள் நிறுவனம் 2021-இல் தன் செல்பேசியில் பெயர் சூட்டி அறிவிக்கும் அளவுக்கு, இக்குறை உலகெங்கும் உணரப்பட்டது.

தமிழ்த் திரையில் இதற்கு மாற்றான ஒரு மரபு உண்டு. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939-இல் பிறந்து 2014-இல் மறைந்த பாலுமகேந்திரா, இயற்கை ஒளியைப் பெரிதும் நம்பியவர். 'மூடுபனி' (1980) என்னும் பெயரில் ஒரு படம் இயக்கியவர். 'வீடு' (1988) படத்தில் அர்ச்சனாவின் மாநிற முகத்தை எவ்வித மெருகுமின்றிச் சன்னல் ஒளியில் காட்டினார். வெண்பனியில் தமிழ் முகங்கள் எவ்வாறு தோன்றும் என்பதை மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) படத்தில் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவு பெருந்திரளான மக்களுக்குக் காட்டியது. காசுமீரத்தில் நிகழும் கதையெனினும் அதன் பனிக்காட்சிகள் மணாலிப் பகுதியில் எடுக்கப்பட்டன.

சாரலில் படமெடுக்கும் முறை

ஏலமலையில் உருவப்படம் எடுக்க விரும்பும் மாணவர்க்குப் பயன்படும் சில குறிப்புகளை இங்குத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, ஒளி வரும் திசை. வெண்பனி தரையிலிருந்தும் ஒளியை மேலே அனுப்புகிறது. கண்குழியிலும் மோவாயின் கீழும் நிழல் தங்குவதில்லை. மூடுபனியில் தரை ஈரமண்ணாக இருண்டு கிடப்பதால் ஒளி மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் மட்டுமே வரும். எனவே கண்குழியில் நிழல் தேங்கும். ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, நிற்பவரின் இடுப்பு அளவில் படத்துக்குள் வாராதபடி ஒருவர் பிடித்தால் அந்நிழல் நீங்கும். பனி செய்யும் பணியை வேட்டி செய்யும்.

இரண்டாவது, நிறம். ஏலச்செடி மரநிழலில் வளர்வது. அந்நிழலுக்குள் நிற்பவரின் முகத்தில் இலைகளின் பசுமை படியும். அவரைத் தோட்டத்தின் விளிம்புக்கு, வானம் தெரியும் இடத்துக்கு அழைத்து வருதல் நலம். உறைபனியிலும் நிழலிலும் நீலம் மிகும் ஆதலின், கருவியில் நிழல் அல்லது மேகமூட்டம் என்னும் குறியைத் தேர்ந்தால் முகத்தின் வெம்மை மீளும். வெள்ளாடை பனியோடு கரைந்துவிடும். செம்மை, மஞ்சள் முதலிய நிறமுடைய கம்பளியும் தலைத்துண்டும் முகத்துக்குத் துணைநிற்கும்.

மூன்றாவது, தொலைவு. மூடுபனியில் ஒவ்வோர் அடி விலகும்போதும் முகத்தின் தெளிவு குறையும். இரண்டு மீட்டர் அளவில் நெருங்கி நின்று எடுத்தால் முகம் தெளிவாகவும் பின்னுள்ள மரங்கள் அடுக்கடுக்காக வெளிறியும் அமையும். பிளாஷ் கூடாது, அதன் ஒளி எதிரிலுள்ள நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிப் படத்தை வெண்திரையாக்கும்.

நான்காவது, கருவியின் நலம். குளிர்ந்த லென்சை மலையிலிருந்து இறக்கி அடிவாரத்தின் வெப்பமும் ஈரமும் கலந்த காற்றில் திறந்தால் அதன்மேல் நீர் படியும். மேட்டிலேயே கேமராவைப் பாலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, வீடு சேர்ந்து சிறிது நேரம் கழித்துத் திறத்தல் வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் சோரும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் உடல் வெப்பத்தோடு வைத்திருத்தல் நன்று.

ஐந்தாவது, பாதுகாப்பு. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-இல் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. வனத்துறையின் இசைவின்றிக் காட்டுக்குள் செல்லுதல் கூடாது. பனி மூடிய மலைச்சாலையின் வளைவில் நின்று படமெடுத்தலும் கூடாது. வண்டியோட்டி நம்மைக் காணும்போது தடுப்பதற்கு நேரமிராது.

படத்தில் நிற்பவர்

எல்லாவற்றினும் தலையாயது, எதிரே நிற்பவர் யார் என்னும் எண்ணம். வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலப் பெருந்தொகை நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களைக் கொண்டது. அவற்றில் மிகப் பலர் தம் பெயரால் அறியப்படாமல் சாதி, குடி ஆகியவற்றின் மாதிரிகளாக நிறுத்தப்பட்டனர். முகம் இருந்தது, ஆள் இல்லை. அம்முறை முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 'தோட்டத் தொழிலாளி', 'மலைவாழ் முதியவர்' என்னும் தலைப்புகளோடு பெயரற்ற முகங்கள் இன்றும் கண்காட்சிகளில் தொங்குகின்றன.

போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் முகங்களை எண்ணிப் பார்ப்போம். பனி பொழியும்போது சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டு அவர்கள் காய் பறிக்கிறார்கள். போடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் விலை கூறப்படும் ஒவ்வொரு காயும் அத்தகைய விரல்களால் பறிக்கப்பட்டதே. அவர்களுள் பலருக்கு அடையாள அட்டையிலுள்ள சிறு படமே தம் முகத்தின் ஒரே பதிவு. அதிலும் முகம் கருநிழலாக இருப்பின், பேரன் பேத்தியர் பாட்டியின் முகத்தை எங்ஙனம் அறிவர்?

ஆகவே படமெடுக்குமுன் இசைவு கேட்டல் கடன். சிலர், குறிப்பாகப் பெண்கள், வேண்டாம் என்று மறுத்தால் அம்மறுப்பை மதித்துக் கருவியைத் தாழ்த்துதல் பண்பு. அவர்களுக்கு நேரம் என்பது கூலி. வேலை நடுவே நிறுத்திவைத்தல் முறையன்று. குளிரில் நெடுநேரம் நிற்கச் சொல்லுதலும் தகாது. ஒளியளவையும் இடத்தையும் முன்னரே தேர்ந்து வைத்துக்கொண்டு, இறுதியில் அவரை அழைத்தல் வேண்டும். நடுங்கும் தோளும் இறுகிய உதடும் நீங்க ஒரு குவளைத் தேநீர் போதும். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுதலும், படத்தின் ஒரு பிரதியை அச்சிட்டு அவர் கையில் சேர்த்தலும் எடுத்தவரின் பொறுப்பாகும். செல்பேசித் திரையில் காட்டிவிட்டுச் செல்லும் படம் அவருடைய வீட்டுச் சுவரை அடைவதில்லை.

முடிவுரை

பனியில் உருவப்படம் எடுக்கும் கலை குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வெண்மைக்குள் ஒரு முகம் நிற்கும் இடமெல்லாம் அதற்கு இடமுண்டு. கருவி சூழலை அளவுகோலாகக் கொள்கிறது. பழைய பிலிம் பிறர் முகத்தை அளவுகோலாகக் கொண்டது. எதிரே நிற்பவரின் முகத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் கலைஞன் செய்யவேண்டிய திருத்தமாகும். ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டுதல் சிறிய செயல். ஆயினும் ஒருவர் தம் படத்தில் தம்மைக் காண்பதும் காணாமற்போவதும் அதில் அடங்கியுள்ளது.

நம் மாணவர்கள் ஏலமலைச் சாலையில் வாழ்நாள் முழுதும் ஏறி இறங்கிய முதியோரின் முகங்களை, அவர்தம் இசைவோடு, இம்முன்பனிக் காலத்தில் படமாக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், ஊர், செய்த தொழில், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்தால், அத்தொகுப்பு நாளைய வரலாற்று ஆய்வாளர்க்கு மட்டுமன்றி அக்குடும்பங்களுக்கும் அழியாச் செல்வமாக அமையும்.